மிளகுக்கு ஏழாம் இடம்

2006 ஓகஸ்ட் 10, வியாழன்

இன்று லாயத்தில் ஒன்பது எலி. நானும் பற்றிக்கும் ஓட்ஸ் மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுக்க, மிளகு பாய்ந்து பிடித்து ஒரு உதறு உதறும். அவ்வளவுதான், அடுத்தது. ஆறு கிலோகூட இல்லாத நாய். மூக்கில் பழைய கடித் தழும்பு மூன்று. இந்த இல்-பிசார் ஊரில் குதிரை வைத்திருக்கிறவர்கள் என்னைக் கண்டால் கை காட்டுகிறார்கள். எனக்கில்லை, மிளகுக்கு.

பற்றிக் இந்த லாயத்தின் சொந்தக்காரன். மிளகைப் போன்ற டெரியர் நாய்களுக்கு இருக்கிற சங்கத்துக்கும் அவன்தான் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை சென்-லசாரில் கண்காட்சி இருக்கிறது, மிளகைக் கொண்டு வா என்றான். வாசனைத் தைலம் பூசி நடக்கவிடுகிற கண்காட்சி இல்லையாம். வளைக்குள் புகுந்து வேலை செய்கிற நாய்களுக்கு மட்டும். தழும்பு இருந்தால் குறை இல்லை. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் தன் ஆண் நாயோடு மிளகைச் சேர்க்கிறேன் என்றான்.

எனக்குப் பரிசு ரிபன் வேண்டாம். மிளகுக்கு நாலு வயது. அதன் குட்டி ஒன்று வேண்டும்.

யோசெப்புக்குச் சொன்னேன். "எங்கடை மகளுக்கு ஒரு இடம் பாரும் எண்டா நீர் நாய்க்குக் கலியாணம் பேசுறீர்" என்றார். சிரிக்கட்டும்.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

ஏழாவது. ஏழு நாயில் ஏழாவது.

நாளைக்கு எழுதுகிறேன். இப்போது எழுதினால் பேனை உடையும்.

ஓகஸ்ட் 14, திங்கள்

முதலில் இருந்து எழுதுகிறேன்.

கயிறு கட்டிய வட்டத்துக்குள் ஏழு பேர் நாயோடு நின்றோம். நடுவர் ஒரே ஒருவர்தான். அவர் சொன்னதே முடிவு, மறுபேச்சு இல்லை. பார்த்தால் — எங்கடை ஆள்! தொப்பி, கழுத்துப்பட்டி, நல்ல கறுப்பு, நெற்றியில் மெல்லிய திருநீறு. முன்னூறு வெள்ளைக்காரருக்கு நடுவில் ஒரு தமிழ் முகம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல ஏலாது. என் முன்னால் வந்ததும், "வணக்கம் ஐயா, நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டேன். மெற்றோவில் கேட்பதில்லையா, தெப்பனர் பெட்டிக்கடையில் கேட்பதில்லையா, அப்படித்தான்.

அவர் முகம் கறுத்துப் போனது. சுற்றி நின்றவர்களை ஒரு தரம் பார்த்தார். ஆங்கிலத்தில், "நாயைத் தூக்குங்கள்" என்றார்.

இந்த நாய்களுக்கு ஒரு அளவு இருக்கிறது. நடுவர் பின்னால் நின்று முன்னங்கால்களுக்குப் பின்னே நெஞ்சை இரண்டு கையாலும் சுற்றிப் பிடிப்பார். விரல்கள் ஒன்றையொன்று தொட்டால் அந்த நாய் நரி வளைக்குள் போகும், திரும்பியும் வரும். மற்ற நாய்களை இரண்டு தரம், மூன்று தரம் பிடித்துப் பார்த்தார். மிளகை ஒரு தரம். அதுவும் அடுப்பிலிருந்த சட்டியைத் தொட்டதுபோலத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

முடிந்த பிறகு போய் ஏன் என்று கேட்டேன். யாரும் பக்கத்தில் இல்லாதபடியால் தமிழ் வந்தது. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நெஞ்சு கொஞ்சம் பெருசு" என்றார். மூக்குத் தழும்பைப் பார்த்து, "பாவம், நல்லா வேலை செய்யும் போல" என்றும் சொன்னார். பாவமாம்!

வீட்டுக்கு வந்து நான் பிடித்துப் பார்த்தேன். என் கை சின்னக் கை. விரல் தொடுகிறது. யோசெப்பைப் பிடிக்கச் சொன்னேன். தொட்டு, ஒரு விரல் மேலே ஏறியும் நிற்கிறது.

பெயர் விசாரித்துவிட்டேன். சண்முகவேல். தமிழ்நாடு. கர்க்லாண்டில் வீடு, ஓய்வு பெற்ற எஞ்சினியர், இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடம். இருக்கட்டும். எனக்கும் காலம் வரும்.

ஓகஸ்ட் 21, திங்கள்

பற்றிக் முடியாது என்றுவிட்டான்.

"நீ உன் கண்ணால் ஒன்பது எலி பார்த்தாயே" என்றேன். பார்த்தேன் என்றான். ஆனால் குட்டி கேட்கிறவர்கள் எலியைப் பார்க்கவில்லை, சங்கத்தின் தாளைப் பார்க்கிறார்கள், கடைசியாக வந்த நாயோடு சேர்த்தால் தன் நாயின் பெயரும் போகும் என்றான். எனக்கு அவனில் கோபம் இல்லை. அவன் சொன்னது உண்மை. ஒரு மனிசன் வெயிலில் நின்று இரண்டு நிமிசம் பார்த்துவிட்டு ஒரு இலக்கத்தைச் சொல்கிறான், நாலு வருசம் செய்த வேலை இல்லாமல் போகிறது. சரி, அந்த இரண்டு நிமிசத்தையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டாமா? நெஞ்சு பெரிதாம். உன்ர மண்டைதான் பெரிசு.

செப்டெம்பர் 3, ஞாயிறு

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாபம் இருந்தால்தானே போகலாம். எனக்கு ஒரு துளிகூட இல்லை.

2007 பெப்ரவரி 8, வியாழன்

மிளகு மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இன்று மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். கருப்பையில் சீழ். உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்றார். எடுத்தாயிற்று. உயிருக்குப் பயமில்லை.

"குட்டி போட்டிருந்தால் இது வந்திராதா?" என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவரால் சொல்ல முடியாது. என்னால் சொல்ல முடியும்.

இனிக் குட்டி இல்லை. ஒண்டும் இல்லை. அந்தக் கோதாரியில போவான் ஒரு தரம், ஒரே ஒரு தரம் ஒழுங்காக் கையை வைச்சுப் பாத்திருந்தா — என்ர பிள்ளை வயித்தில தையலோட கிடக்குது, அவர் அங்க கர்க்லாண்டில கணப்புக்கு முன்னால குந்திக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார். கடவுளே, நான் கெட்டவளாகவே இருந்திட்டுப் போறன். அந்த மனிசனுக்கு ஒருநாள் இதே நோவு நோக வேணும். இதே நோவு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

பூசையில் இருந்தபோதுதான் தோன்றியது. நானே நடுவராக வந்தால் என்ன?

மார்ச் 2, வெள்ளி

பற்றிக்கிடம் கேட்டேன். துள்ளிக் குதித்தான். சங்கத்தில் நாயோடு உண்மையாக வேலை செய்கிற நடுவர்கள் குறைவாம். ஒரு வருடம் வட்டத்துக்குள் உதவியாளாக நிற்க வேண்டும், பிறகு ஒரு பரீட்சை. மகள் மெலனி எனக்கு விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் அடித்துத் தந்தாள். ஏன் நடுவராக விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி. "என்ன எழுத அம்மா?" என்று கேட்டாள். நியாயத்துக்காக என்று எழுதச் சொன்னேன்.

ஓகஸ்ட் 12, ஞாயிறு

இன்று நான் உதவியாள். நடுவர் யார்? அவரேதான். காலை முழுக்க அவர் பக்கத்தில் நின்று நாய்களின் இலக்கத்தைக் கூப்பிட்டேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ளமில்லை. ஒவ்வொரு நாயையும் பொறுமையாக, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் பிடித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பார்க்கத் தெரிந்த மனிசன்!

சாப்பாட்டு நேரம் ஒரு டப்பாவோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். எலுமிச்சம்பழச் சாதம். பாதியை மூடியில் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"உங்க நாய் எப்படி இருக்கு?"

"இருக்குது" என்றேன்.

டப்பாவிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு, "அன்னிக்கு நீங்க எல்லார் முன்னாடியும் தமிழ்ல பேசிட்டீங்க. முதல் இடம் குடுத்திருந்தேன்னா நம்ம ஆளுன்னு குடுத்தான்னு பேசுவாங்க. இங்க முப்பத்தஞ்சு வருஷமா ஒரு பேரைக் காப்பாத்திட்டு வர்றேன்மா" என்றார்.

"அப்ப ரெண்டாம் இடம்? மூண்டாம் இடம்?"

"அதுவும் பேசுவாங்க."

"என்ர நாய்க்கு நெஞ்சு பெரிசு எண்டியள்?"

"இல்லம்மா. உண்மையைச் சொல்லணும்னா அன்னிக்கு அதுதான் முதல்."

இதைச் சொல்லிவிட்டு ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. சாதத்தைத் தின்றேன். முழுவதையும் தின்றேன். வீட்டுக்கு வந்து என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். பிழையாகப் பார்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் திரிந்தேன். பிழையில்லை. தெரியும். தெரிஞ்சுகொண்டே செய்தவர். பக்கச்சார்பு இல்லை எண்டு காட்டுறதுக்கு என்ர நாயை வெட்டிப் படைச்சிருக்கிறார். மற்ற ஆறு பேரும் வந்து தங்கடை பாசையில வணக்கம் சொல்லேல்லையோ? அவைக்கு ஒண்டுமில்லை. நான் சொன்னாத்தான் குற்றம்.

யோசெப் சொன்னார்: "உமக்கு விசர் பிடிக்கப் போகுது, விடும். ஆள் ஒத்துக்கொண்டிட்டார்தானே."

ஒத்துக்கொண்டது எனக்கு. சங்கத்துக்கு இல்லை. மிளகு இன்றைக்கும் தாளில் ஏழாவதுதான்.

2008 மே 17, சனி

பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். வாய்மூலம் கேட்ட கேள்வி ஒன்று: "உங்களுக்கு வேண்டிய ஒருவரின் நாய் வந்தால் என்ன செய்வீர்கள்?" கயிற்றின் முனையில் நாய் மட்டும்தான் நிற்கிறது என்று நினைப்பேன் என்றேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். வேண்டாத ஒருவரின் நாய் வந்தால் என்று யாரும் கேட்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வந்துவிட்டது! ஓகஸ்ட் கண்காட்சியில் ஆண் நாய்களுக்கு நான் நடுவர். பெயர்ப் பட்டியலில் நாலாவது: பாண்டி, இரண்டு வயது, உரிமையாளர் சண்முகவேல். இந்த வருடம் அவர் நடுவராக நிற்கவில்லை, தன் நாயைக் கொண்டு வருகிறார். பற்றிக் சொன்னான்: பாண்டி அவரே வளர்த்தெடுத்த பரம்பரையில் கடைசி ஆண். எழுபது வயதாகிறதாம், இதன் குட்டிகளை நல்ல கைகளில் கொடுத்துவிட்டு ஓயப் போகிறாராம். இரண்டு பேர் பெண் நாயோடு காத்திருக்கிறார்களாம்.

கேட்கக் கேட்கத் தித்தித்தது. இன்று யோசெப்புக்கு இறால் குழம்பு வைத்தேன். "என்ன விசேசம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

செய்துவிட்டேன்.

எட்டு நாய். பாண்டி நாலாவதாக நின்றது. சண்முகவேல் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். வணக்கமில்லை, சிரிப்பில்லை, ஒரு சொல் இல்லை. சட்டப்படி.

எழுதத்தான் வேண்டும், இது எனக்கு மட்டும்தானே. இவ்வளவு நாளில் என் கைக்குள் வந்த நாய்களில் அதைப்போல் ஒன்று இல்லை. மிளகைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். பல்லு, கால், முதுகு எல்லாம் ஒழுங்கு. நெஞ்சைப் பிடித்தேன். என் சின்னக் கைக்குள்ளேயே விரல் தொட்டது, மெல்ல அமர்த்த இன்னும் உள்ளே போனது. அது திரும்பி என் மணிக்கட்டை நக்கியது.

எட்டாம் இடம் கொடுத்தேன். காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. "நெஞ்சு பெரிது" என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கை தட்டினார்கள்! பற்றிக் ஓடி வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். "உன் சொந்த ஆளையே கடைசியில் நிறுத்தினாய். இந்தச் சங்கத்துக்கு இதுதான் வேண்டும்" என்றான். யாரோ ஒரு கிழவி என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அடுத்த வருடத்துக்கும் இப்போதே என் பெயரைப் போட்டுவிட்டார்களாம்.

பிறகு சண்முகவேல் வந்தார். இந்த நிமிசத்துக்குத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். கேள், கேள், ஏன் எண்டு கேள் என்று நெஞ்சு அடித்தது.

"நன்றிம்மா" என்றார். "வேற யாராவதா இருந்தா நம்ம ஆளுன்னு பயந்து கடைசில போட்டாங்களோன்னு நினைச்சிருப்பேன். நான் பண்ணின தப்பை நீங்க பண்ண மாட்டீங்க, அது தெரியும். என் நாய்ங்கறதால எனக்குத்தான் கண்ணு மறைச்சிருக்கு."

தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

கரிநாள்! இவ்வளவு செய்தும் அந்த மனிசனுக்கு நான் பழி வாங்கினது தெரியேல்லை. நன்றி சொல்லிட்டுப் போகுது.

ஓகஸ்ட் 11, திங்கள்

"இப்ப நிம்மதியோ?" என்று யோசெப் கேட்டார். ஓம் என்றேன். நிம்மதிதான். ஏன் இல்லாமல்?

செப்டெம்பர் 13, சனி

இன்று காலை சண்முகவேல் லாயத்துக்கு வந்தார், பாண்டியோடு. பற்றிக்கிடம் ஏதோ தாள் கொடுக்க வந்தவர், என்னைக் கண்டு உள்ளே வந்தார். நான் குதிரைச் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன்.

"பெண் நாய் வெச்சிருந்த ரெண்டு பேரும் கேட்டுட்டே இருந்தாங்கம்மா. வேணாம்னுட்டேன். நீங்க சொன்னதுக்கு அப்புறம் அந்த நெஞ்சைக் குட்டிங்களுக்கு அனுப்பறது தப்பில்லையா? போன வாரம் இவனுக்குக் குட்டி வராம ஆபரேஷன் பண்ணிட்டேன்" என்றார்.

மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றேன். "யாரிட்டையாவது திருப்பிக் காட்டியிருக்கலாமே?" என்றேன். எப்படித்தான் வாய் வந்ததோ.

"எதுக்கு? நீங்க தினம் எலி பிடிக்கிற நாயோட இருக்கறவங்க. உங்க கை சொன்னா போதும்."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாண்டி கயிற்றை இழுத்துக்கொண்டு தீவனப் பெட்டிக்கு அடியில் புகுந்தது. வாலும் தெரியவில்லை. திரும்பி வரும்போது வாயில் எலி. அவர் சிரித்தார். "பாருங்க, வேலை மட்டும் நல்லா செய்யுது" என்றார்.

அந்த இடைவெளிக்குள் மிளகாலும் போக முடியாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

நான் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது. இதே நோவு என்று கேட்டேன். மிளகுக்கும் குட்டி இல்லை, பாண்டிக்கும் குட்டி இல்லை. சரிக்குச் சரி. பிறகு ஏன் எனக்குச் சோறு இறங்குதில்லை?

அவருக்கு நோகவில்லையே, அதனாலா? இல்லை, அந்த நாய் என் கையை நக்கியதாலா? நாய்க்கு என்ன தெரியும். அது என்ன செய்தது எனக்கு?

செப்டெம்பர் 20, சனி

இரண்டு வருடத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம். சுவாமியார் "நாய்க் கண்காட்சியோ?" என்று இரண்டு தரம் கேட்டார். ஓம் என்றேன். கொலை செய்தவளைப் போல் அழுதேன். அவர் பயந்துபோனார். "அந்த மனுசருக்குச் சொன்னீரோ பிள்ளை?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

பூசையால் வந்து உடுப்பு மாற்றாமலே தொலைபேசி எடுத்தேன்.

"பாண்டிதான் முதலாவது" என்றேன்.

"எதுலம்மா?"

"ஓகஸ்டில. என்ர கைக்குள்ள முழுசா அடங்கினது. நெஞ்சு பெரிசு எண்டது பொய். கிட்ட வர வேறை ஒரு நாயும் இருக்கேல்லை."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"பேசுவாங்கன்னு பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஓம் என்று சொல் என்று கெஞ்சுகிற குரல். சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் ஒரே பிழை செய்தவர்கள், அதோடு முடிந்திருக்கும்.

"இல்லை" என்றேன். "உங்களுக்குத் திருப்பிச் செய்யவேணும் எண்டு செய்தனான்."

"சரிம்மா" என்றார். வைத்துவிட்டார்.

யோசெப் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பகிடிகூட விடவில்லை.

எதற்காகச் சொன்னேன்? பாவத்துக்குப் பரிகாரமாகவா, அல்லது பழி வாங்கியது அவருக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகவா? சொல்லும்போது எங்கோ உள்ளே ஒரு இனிப்பு இருந்தது. பொய் சொல்லக் கூடாது. இருந்தது.

ஒக்டோபர் 9, வியாழன்

பற்றிக் ஒரு கடிதத்தோடு வந்தான். சண்முகவேல் சங்கத்துக்கு எழுதியது. 2006 ஓகஸ்ட் 13 அன்று மிளகு என்ற நாய்க்குத் தான் தந்த ஏழாம் இடம் தவறு, அது முதலாம் இடத்துக்கு உரியது, தெரிந்தே தவறு செய்தேன், நடுவர் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுங்கள் என்று நாலு வரி. கீழே கையெழுத்து.

என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் கையெழுத்துக்குக் கீழே 2008 ஓகஸ்ட் 10 என்று, நான் நடுவராக நின்ற நாளின் திகதியை மட்டும் போட்டு, மீதித் தாளை வெறுமையாக விட்டிருந்தார்.

"இது என்ன, முடிக்காமல் அனுப்பிவிட்டாரா?" என்று பற்றிக் கேட்டான்.

கை கழுவிக்கொண்டு வந்து அவனிடம் பேனை வாங்கினேன். வைக்கோல் கட்டின் மேல் தாளை வைத்து நானும் நாலு வரி எழுதினேன். என் ஆங்கிலத்தில் பிழை இருக்கும், மெலனியிடம் காட்டவில்லை. பற்றிக் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். கண்காட்சியன்று என் தோளைப் பிடித்து உலுக்கியவன், என் முகத்தைப் பார்க்காமல் தாளை மடித்துக்கொண்டு வெளியே போனான்.

நவம்பர் 6, வியாழன்

திருத்திய முடிவுகள் தபாலில் வந்திருக்கின்றன. 2006: மிளகு, முதலாம் இடம். 2008: பாண்டி, முதலாம் இடம். நடுவர் பட்டியலில் அவரும் இல்லை, நானும் இல்லை.

பின்னேரம் லாயத்தில் பற்றிக் கனநாளைக்குப் பிறகு என்னோடு கதைத்தான். தாளைப் பார்த்துவிட்டு யாரோ ஒருவர் அழைத்தாராம். இந்த இரண்டு நாயில் எதன் குட்டியாவது எடுக்கலாமா, எவ்வளவு காலமானாலும் காத்திருக்கிறேன் என்றாராம். என்ன பதில் சொல்ல என்று கேட்டான்.

காத்திருக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன்.